இமாக்ஸ், விம்: சாளரப் பதிப்பா, டெர்மினல் பதிப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர், பினாங்கு கல்லூரிகளில் லினக்ஸ் பழகும் மாணவர்களும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சர்வரோடு மல்லுக்கட்டும் பொறியாளர்களும், தமிழில் கட்டுரை எழுத நல்ல எடிட்டர் தேடுகிறவர்களும் இமாக்ஸ், விம் என்ற உரை எடிட்டர்களைப் பற்றிக் கேட்கும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. கட்டளைகளையும் விசைகளையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

1. ஜன்னல் பதிப்பும் டெர்மினல் பதிப்பும் வேற வேற சாப்ட்வேரா, இல்ல ஒன்னுதானா?

ஒன்றுதான். மேசைக் கணினியில் 'இமாக்ஸ்' என்று தட்டினால் தனிச் சாளரம் திறக்கும். அதே கட்டளைக்குப் பின்னால் '-என்டபிள்யூ' சேர்த்தால் டெர்மினல் என்ற கட்டளைத் திரைக்குள்ளேயே திறக்கும். விம்முக்கு 'விம்', 'ஜிவிம்' என்று இரண்டு பெயர்கள் உண்டு. பல கணினிகளில் அவை ஒரே நிரல்தான். எந்தப் பெயரில் கூப்பிடுகிறோமோ அந்த உருவில் வரும்.

வேறுபாடு இரண்டே இடத்தில்: எழுத்தை யார் வரைகிறார்கள், விசையை யார் முதலில் வாங்குகிறார்கள். சாளரப் பதிப்பில் இரண்டும் எடிட்டரின் வேலை. டெர்மினல் பதிப்பில் "இந்த வரியில், இந்தக் கட்டத்தில், இந்த எழுத்து" என்று எடிட்டர் சொல்லும், வரைவது டெர்மினல். விசையும் டெர்மினலைத் தாண்டித்தான் எடிட்டருக்குப் போகும். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடைத்தரகரால் வருபவை.

எல்லா எடிட்டருக்கும் இந்தத் தேர்வு இல்லை. நானோ டெர்மினலில் மட்டும்தான். விஎஸ் கோட் சாளரத்தில்தான். நியோவிம்முக்குச் சொந்தச் சாளரம் கிடையாது. வேண்டுமானால் நியோவைட் போன்ற தனிச் செயலியை மேலே போட்டுக்கொள்ளலாம்.

2. நான் இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கேன். எதுல தொடங்கலாம் அண்ணே?

சாளரத்தில் தொடங்குங்கள். மெனு இருக்கிறது, ஒவ்வொரு மெனு வரிக்குப் பக்கத்திலும் அதன் குறுக்குவிசை எழுதியிருக்கிறது. பார்த்துப் பார்த்தே பாதி விசைகள் மனத்தில் நின்றுவிடும். இமாக்ஸில் கண்ட்ரோல்-எச், பிறகு டி (t) அழுத்தினால் பயிற்சிப் பாடம் வரும். விம்முக்கு 'விம்டியூட்டர்' கட்டளை. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

டெர்மினல் பதிப்பில் வெளியே வரும் வழியை மட்டும் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். விம்மில் எஸ்கேப், பிறகு ':க்யூ!' தட்டி என்டர், சேமிக்காமல் வெளியேறும். இமாக்ஸில் கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-சி. சர்வரில் ஏதோ ஒரு கட்டளை தானாக விம்மைத் திறந்துவிட்டால் இதுதான் கைகொடுக்கும்.

3. என் மெஷின்ல எந்தப் பதிப்பு இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?

விம்முக்கு 'விம் --வெர்ஷன்' தட்டுங்கள். வரும் நீண்ட பட்டியலில் 'கிளிப்போர்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் வெளியே நகலெடுக்கும் வசதி உண்டு, கழித்தல் குறி இருந்தால் இல்லை. உபுண்டு, டெபியனில் வெறும் 'விம்' பொதியில் (பேக்கேஜ்) அது இருக்காது. 'விம்-ஜிடிகே3' பொதியை நிறுவினால் ஜிவிம்மும் வரும், டெர்மினல் விம்முக்கும் அந்த வசதி சேரும். சாளரமே வேண்டாம் என்பவர்களும் இந்தப் பொதியைப் போடுவது இதற்காகத்தான்.

இமாக்ஸில் 'இமாக்ஸ்-நாக்ஸ்' பொதியை நிறுவியிருந்தால் என்ன செய்தாலும் சாளரம் வராது. 'இமாக்ஸ்-ஜிடிகே' வழக்கமான சாளரப் பதிப்பு. உங்கள் மேசைத்தளம் வேலேண்டில் (சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறை) ஓடினால் 'இமாக்ஸ்-பிஜிடிகே' பொருத்தம். 2023-இல் வந்த 29ஆம் பதிப்பிலிருந்து இது உண்டு. பழைய எக்ஸ்11-இல் அதைப் போடாதீர்கள், அங்கே அது ஒழுங்காக ஓடாது.

4. டெர்மினல்ல தமிழ் அடிச்சா எழுத்து ஒன்னுமேல ஒன்னு ஏறுது, கர்சர் எங்கேயோ நிக்குது. பைல் கெட்டுப்போச்சா?

கோப்பு கெடவில்லை. திரையில்தான் குழப்பம்.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 கோப்பில் குறிக்கு 3 பைட் வீதம் 15 பைட். டெர்மினலோ சம அகலக் கட்டங்களால் ஆன பலகை. ஆங்கில எழுத்துக்கு ஒரு கட்டம், சீன எழுத்துக்கு இரண்டு என்று கணக்கு வைத்திருக்கிறது. தமிழ் அந்தக் கணக்கில் அடங்காது. 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலத்தில் எப்படி நிற்கும்? 'கொ'வில் ஒரே குறி க-வுக்கு முன்னால் கொம்பாகவும் பின்னால் காலாகவும் பிரிந்து நிற்கவேண்டும்.

இதோடு, எடிட்டரின் கணக்கும் டெர்மினலின் கணக்கும் ஒத்துப்போவதில்லை. விம் 'கா'வை ஒரே கட்டமாக எண்ணும். பல டெர்மினல்கள் துணைக்காலுக்குத் தனிக் கட்டம் கொடுக்கும். ஒரு வரியில் பத்துத் துணைக்கால் வந்தால் கர்சர் பத்துக் கட்டம் தள்ளி நிற்கும். நீங்கள் ஓர் எழுத்தை அழிப்பீர்கள், வேறொன்று அழிந்ததுபோலத் தெரியும். கண்ட்ரோல்-எல் அழுத்தினால் திரை மறுபடி வரையப்படும். சந்தேகம் தீரவில்லையென்றால் கர்சரை எழுத்தின்மேல் வைத்து விம்மில் 'ஜிஏ' தட்டுங்கள், அடியில் இருக்கும் குறிகளின் எண்களைக் காட்டும். எண் சரியாக இருந்தால் கோப்பும் சரி.

டெர்மினலை விட்டால் வழியில்லை என்பவர்கள் எம்எல்டெர்ம் போட்டுப் பாருங்கள். பல மொழிகளைக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டது. கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால் வருகிற கறுப்புத் திரையில் தமிழுக்கு வாய்ப்பே இல்லை. அந்தத் திரையின் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான் அடங்கும். தமிழ் வெறும் பெட்டிகளாகத் தெரியும்.

5. அப்ப ஜிவிம் போட்டா தமிழ் சரியாயிடுமா?

ஆகாது. பலர் ஏமாறும் இடம் இது. ஜிவிம் தனிச் சாளரத்தில் வந்தாலும் உள்ளே அதே சம அகலக் கட்டப் பலகைதான். அகலமான தமிழ் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஓரிரு வரித் தமிழ்க் குறிப்பு எழுதச் சமாளிக்கலாம். நாலு பக்கக் கட்டுரைக்குக் கண் வலிக்கும்.

தமிழில் எழுதுவதுதான் உங்கள் வேலை என்றால் எங்கள் பரிந்துரை இமாக்ஸின் சாளரப் பதிப்பு, அதுவும் 27 அல்லது அதற்குப் பிந்தையது. 2020-இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைக் கோத்து வரைய ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. எழுத்துக்கு ஏற்ற அகலம் கிடைக்கும், கொம்பும் காலும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். கர்சரை ஓர் எழுத்தில் வைத்து கண்ட்ரோல்-யூ, கண்ட்ரோல்-எக்ஸ், பிறகு சமக்குறி அழுத்துங்கள். எந்த எழுத்துரு வரைகிறது என்று சொல்லும். அழகில்லாத எழுத்துரு வந்திருந்தால் 'செட்-ஃபான்ட்செட்-ஃபான்ட்' செயலைக் கொண்டு தமிழுக்கு மட்டும் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று கட்டமைப்புக் கோப்பில் எழுதிவையுங்கள். ஆங்கிலத்துக்கு உங்களுக்குப் பிடித்த எழுத்துரு அப்படியே இருக்கும்.

6. தமிழ்99 கீபோர்டு ஆன் பண்ணதும் விம் கட்டளை ஒன்னும் வேலை செய்யலலா. டெர்மினல் பதிப்பாலயா?

இல்லை, ஜிவிம்மிலும் இதே கதைதான். விம்மின் கட்டளைகள் ஆங்கில எழுத்துகள். தமிழ்99-இல் எச், ஜே, கே, எல் விசைகள் க, ப, ம, த ஆகிவிடும். வரியை அழிக்க டி-யை (d) இருமுறை தட்டினால் 'உஉ' போகும். விம் என்ன செய்யும்?

'லாங்மேப்' என்ற அமைப்பில் க-வை எச் என்றும் ப-வை ஜே என்றும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று சிலர் வழி சொல்வார்கள். ஒரு தட்டுக்குச் சரி. ஜே-யை இரண்டுமுறை தட்டினால் தமிழ்99 விதிப்படி நடுவில் புள்ளி தானாக விழுந்து 'ப்ப' ஆகும், அங்கே உடைந்துவிடும். எஸ்கேப் அழுத்துவதற்கு முன்பே ஆங்கிலத்துக்கு மாறும் பழக்கம்தான் நிலையான தீர்வு.

இமாக்ஸ் இதில் ஒரு படி மேல். உள்ளீட்டு முறை அதற்குள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோல்-எக்ஸ், என்டர், கண்ட்ரோல்-பின்சாய்கோடு அழுத்தி 'தமிழ்99' என்ற பெயரைக் கொடுத்தால் போதும். பிறகு கண்ட்ரோல்-பின்சாய்கோடு அழுத்தி மாறி மாறிக்கொள்ளலாம். தமிழ் தட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், ஆல்ட் கட்டளைகள் வழக்கம்போல் வேலை செய்யும். கணினியின் மொழி அமைப்பைத் தொடவேண்டியதில்லை என்பதால் சர்வரில் ஓடும் டெர்மினல் இமாக்ஸிலும் இது உதவும். மலேசியாவில் பிறந்த முரசு அஞ்சலில் கைபழகியவர்களுக்கு மேக் கணினியில் அஞ்சல் விசைப்பலகை உடன் வருகிறது. சாளரம், டெர்மினல் இரண்டிலும் அதைக் கொண்டு தட்டலாம்.

7. டெர்மினல்ல மவுஸ் வேலை செய்யாதாமே?

செய்யும். விம்மில் ':செட் மவுஸ்=ஏ', இமாக்ஸில் 'எக்ஸ்டெர்ம்-மவுஸ்-மோட்'. ஆனால் போட்டபிறகு மவுஸ் எடிட்டருக்குச் சொந்தமாகிவிடும். டெர்மினலின் வழக்கமான தேர்ந்தெடுப்பு வேண்டுமென்றால் லினக்ஸில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இழுக்கவேண்டும்.

8. விம்ல காப்பி பண்ணதை வாட்ஸ்அப் வெப்ல பேஸ்ட் பண்ண முடியலையே?

'ஒய்' விசை விம்மின் சொந்தப் பெட்டியில் மட்டும் நகலெடுக்கும். வெளியே போகவேண்டுமானால் இரட்டை மேற்கோள்குறி, கூட்டல்குறி, பிறகு ஒய் என்று தட்டவேண்டும். அதற்கும் 3ஆம் பதிலில் சொன்ன கிளிப்போர்ட் வசதி இருக்கவேண்டும். ஜிவிம்மில் அது வழக்கமாகவே உண்டு.

சர்வரில் எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் நுழையும் முறை) வழியாக ஓடும் விம்முக்கு உங்கள் மடிக்கணினியின் கிளிப்போர்ட் தெரியவே தெரியாது. ஓஎஸ்சி 52 என்ற சைகைதான் இங்கே வழி: எடிட்டர் எழுத்தோடு எழுத்தாக "இதைக் கிளிப்போர்டில் வை" என்று டெர்மினலுக்குச் சொல்லும். டெர்மினல் அதை ஏற்கவேண்டும். நடுவில் டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் டெர்மினல் வேலையை ஓடவிடும் கருவி) இருந்தால் 'செட்-கிளிப்போர்ட் ஆன்' என்று அதன் கட்டமைப்பில் எழுதவேண்டும். நியோவிம் 0.10 முதல், டெர்மினல் இதை ஏற்கிறதா என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

9. பேஸ்ட் பண்ணா வரியெல்லாம் படிக்கட்டு மாதிரி தள்ளிக்கிட்டே போகுது!

டெர்மினல் பதிப்பின் பழைய நோய். நீங்கள் ஒட்டியதை எடிட்டர் தட்டச்சு என்று நினைத்து ஒவ்வொரு வரிக்கும் தானே இடம் விடுகிறது. ஒட்டிய உரையில் ஏற்கெனவே இருந்த இடைவெளியும் அதோடு சேர்கிறது. விம் 8 முதல் பெரும்பாலான டெர்மினல்களில் இது ஒட்டல் என்று தானே புரிந்துகொள்கிறது. பழைய சர்வர் என்றால் ஒட்டுவதற்கு முன் ':செட் பேஸ்ட்', ஒட்டியபின் ':செட் நோபேஸ்ட்'. இரண்டாவதை மறந்தால் வரியின் முன்னிடைவெளி, சுருக்கச்சொல் எல்லாம் நின்றுபோயிருக்கும். எடிட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி நிறுவியவர்களும் உண்டு.

10. சில கீ சேர்க்கை ஜன்னல்ல வேலை செய்யுது, டெர்மினல்ல செய்யல. ஏன்?

டெர்மினல் எடிட்டருக்கு விசையை அனுப்புவதில்லை, எண்ணை அனுப்புகிறது. கண்ட்ரோல்-ஐ-யும் டேப்பும் ஒரே எண், 9. கண்ட்ரோல்-எம்-மும் என்டரும் 13. கண்ட்ரோலோடு இடப் பகர அடைப்பும் எஸ்கேப்பும் 27. எடிட்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தப் பழைய முறையில் இவற்றைப் பிரித்தறிய வழியில்லை. கண்ட்ரோல்-அரைப்புள்ளி போன்றவற்றுக்கு இதில் எண்ணே கிடையாது. ஆகவே இரண்டு பதிப்பையும் பயன்படுத்துவோர் சொந்தக் குறுக்குவிசை வைக்கும்போது இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இமாக்ஸில் கண்ட்ரோல்-சி-யும் அடுத்து ஓர் எழுத்தும் பயனருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. எங்கும் வேலை செய்யும்.

சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் அழுத்தி டெர்மினல் உறைந்து நின்றால் கண்ட்ரோல்-க்யூ அழுத்துங்கள். கண்ட்ரோல்-இசட் அழுத்தி எடிட்டரே காணாமல் போனால் 'எஃப்ஜி' என்று தட்டினால் திரும்பி வரும். மேக் டெர்மினலில் ஆல்ட் கட்டளைகள் வேலை செய்யாவிட்டால், அமைப்பில் ஆப்ஷன் விசையை மெட்டாவாகப் பயன்படுத்தும் பெட்டியில் குறியிடுங்கள்.

11. எஸ்கேப் அழுத்தினா அரை செகண்ட் தூங்குது.

ஆல்ட் விசையையும் டெர்மினல் "27, பிறகு எழுத்து" என்றுதான் அனுப்புகிறது. ஆகவே 27 வந்ததும் பின்னால் ஏதாவது வருகிறதா என்று காத்திருக்கவேண்டியிருக்கிறது. டிமக்ஸின் பழைய பதிப்புகளில் இந்தக் காத்திருப்பு 500 மில்லிவினாடி. 'எஸ்கேப்-டைம்' மதிப்பை 10 ஆக்குங்கள். விம்மில் 'டிடைம்அவுட்லென்' மதிப்பை 50 என்று வையுங்கள். சாளரப் பதிப்பில் இந்தச் சிக்கலே இல்லை.

12. சர்வர்ல இருக்கிற பைலை எடிட் பண்ணணும். எஸ்எஸ்எச்-ல '-எக்ஸ்' போட்டு ஜன்னலைக் கொண்டுவரலாமா?

வரும் (இந்த எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து), ஆனால் வேண்டாம். அந்த முறையில் ஒரு மெனு திறக்கவே சர்வருக்கும் உங்களுக்கும் இடையில் பல முறை செய்தி போய்வரவேண்டும். சர்வர் சைபர்ஜெயாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இருந்தால் ஒரு போய்வரவுக்கே ஏறத்தாழ 200 மில்லிவினாடி. ஒவ்வொரு சொடுக்குக்கும் காத்திருப்பீர்கள்.

சிறு திருத்தம் என்றால் சர்வரிலேயே டெர்மினல் பதிப்பைத் திறங்கள். மணிக்கணக்கில் வேலை என்றால் எடிட்டரை உங்கள் கணினியில் சாளரமாக ஓடவிட்டு, கோப்பை மட்டும் தூரத்திலிருந்து எடுங்கள். இமாக்ஸில் டிராம்ப் வசதி உடன் வருகிறது. கோப்பின் பெயராக '/எஸ்எஸ்எச்:பயனர்@சர்வர்:/பாதை' என்று கொடுத்தால் போதும். தட்டும்போது தாமதமே இருக்காது, சேமிக்கும்போது மட்டும் ஒரு நொடி. தமிழும் 5ஆம் பதிலில் சொன்னபடி ஒழுங்காகத் தெரியும். சர்வரில் தமிழ்க் கோப்பு இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஜிவிம்மில் 'எஸ்சிபி://பயனர்@சர்வர்//பாதை' என்று திறக்கலாம். அந்த இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள், விட்டால் பாதை உங்கள் வீட்டு அடைவிலிருந்து எண்ணப்படும்.

13. நடுவுல வைஃபை போயிட்டா எழுதினது போச்சா?

டிமக்ஸுக்குள் எடிட்டரைத் திறந்திருந்தால் ஒன்றும் ஆகாது. மறுபடி சர்வருக்குள் போய் 'டிமக்ஸ் அட்டாச்' தட்டுங்கள், விட்ட இடத்தில் கர்சர் நிற்கும். டெர்மினல் பதிப்பின் மிகப் பெரிய பலம் இதுதான்.

டிமக்ஸ் இல்லாவிட்டாலும் பெரும்பகுதியை மீட்கலாம். விம்மில் 'விம் -ஆர்' என்று கோப்பின் பெயரோடு திறங்கள். மீட்டதைச் சேமித்தபின் மறைந்திருக்கும் ஸ்வாப் கோப்பை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வரும். இமாக்ஸில் 'ரெக்கவர்-ஃபைல்' கட்டளை.

14. வீட்ல ஜன்னல், ஓபிஸ்ல டெர்மினல். செட்டிங் ரெண்டு வைக்கணுமா?

வேண்டாம். ஒரே கோப்பில் நிபந்தனை வையுங்கள். இமாக்ஸில் 'டிஸ்ப்ளே-கிராஃபிக்-பி' சரியென்றால் சாளரம். எழுத்துரு, படம் தொடர்பானவற்றை அதற்குள் எழுதுங்கள். விம்மில் ஜிவிம்முக்கு மட்டும் படிக்கப்படும் தனி 'ஜிவிம்ஆர்சி' உண்டு. வீட்டில் அழகாக இருந்த வண்ணம் டெர்மினலில் அழுக்காகத் தெரிந்தால் விம்மில் ':செட் டெர்ம்குய்கலர்ஸ்' போடுங்கள். டெர்மினல் 24 பிட் வண்ணத்தை ஏற்கவேண்டும். வேறு வேறு அளவு எழுத்து, பிடிஎஃப், படம் ஆகியவை மட்டும் சாளரத்தில்தான்.

இமாக்ஸில் இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளவும் முடியும். 'இமாக்ஸ் --டீமன்' என்று ஒருமுறை பின்னணியில் ஓடவிடுங்கள். பிறகு 'இமாக்ஸ்கிளையன்ட் -சி' சாளரம் திறக்கும், '-டி' (t) டெர்மினலில் திறக்கும். இரண்டும் ஒரே நினைவகத்தைப் பார்ப்பதால் இங்கே தட்டியது அங்கே உடனே தெரியும்; திறப்பதற்கும் கண்ணிமைக்கும் நேரம்தான்.

15. கிட் கமிட் பண்ணும்போது ஜிவிம் திறக்குது, ஆனா கமிட் செய்தி காலின்னு சொல்லி நிறுத்திடுது.

ஜிவிம் தன்னைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு டெர்மினலை விடுவித்துவிடும். எடிட்டர் மூடப்பட்டது என்று கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) நினைத்துக்கொள்கிறது. எடிட்டராக 'ஜிவிம் -எஃப்' என்று கொடுங்கள். விஎஸ் கோடுக்கு '--வெயிட்'. இமாக்ஸ்கிளையன்ட் தானே காத்திருக்கும். எழுதி முடித்ததும் கண்ட்ரோல்-எக்ஸ், பிறகு எண்குறி அழுத்தவேண்டும்.

16. ரூட் பைலைத் திருத்த 'சூடோ ஜிவிம்' போட்டா திறக்க மாட்டேங்குது.

வேலேண்டில் ரூட்டின் பெயரில் சாளரம் திறப்பது பெரும்பாலும் மறுக்கப்படும். திறந்தாலும் ஆபத்து: எடிட்டரும் அதன் நீட்சிகளும் முழு அதிகாரத்தோடு ஓடும். 'சூடோஎடிட்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். நகல் ஒன்றை உங்கள் பெயரில், உங்கள் கட்டமைப்போடு திறந்து, மூடியதும் உரிய இடத்தில் வைக்கும். இங்கேயும் 15ஆம் பதிலின் '-எஃப்' தேவை.

17. மேக்ல டாக்-லிருந்து இமாக்ஸ் திறந்தா கிட், பைத்தான் எதுவும் கண்டுபிடிக்க முடியலங்குது. டெர்மினல்ல சரியா இருக்கே?

டெர்மினலில் தட்டித் திறக்கும்போது உங்கள் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) வைத்திருக்கும் 'பாத்' பட்டியல், அதாவது நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல், எடிட்டருக்கும் போகிறது. ஐகானை அழுத்தும்போது ஷெல் நடுவில் வருவதே இல்லை, ஆகவே ஹோம்ப்ரூ (மேக்கில் மென்பொருள் நிறுவும் கருவி) நிறுவிய இடம் அதற்குத் தெரியாது. 'எக்செக்-பாத்-ஃப்ரம்-ஷெல்' பொதியை இமாக்ஸில் நிறுவி, தொடக்கத்திலேயே ஓடும்படி வையுங்கள்.

18. எங்க கம்பெனில விஎன்சி வழியாத்தான் லினக்ஸ். இங்க டெர்மினல் பதிப்புக்கு ஏதாவது லாபம் இருக்கா?

சிப் வடிவமைப்பில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது. விஎன்சியில் மேசைத்தளமே சர்வர் பக்கம் ஓடுகிறது, உங்களுக்கு வருவது படம் மட்டும். 12ஆம் பதிலில் சொன்ன போய்வரவுத் தொல்லை இங்கே இல்லை. இணைப்பு அறுந்தாலும் சாளரம் அங்கேயே இருக்கும். ஆகவே தயங்காமல் சாளரப் பதிப்பைப் பயன்படுத்துங்கள்.

கவனிக்கவேண்டியது கிளிப்போர்ட். நகலெடுத்தது விஎன்சிக்கு வெளியே வராவிட்டால் சர்வர் பக்கம் 'விஎன்சிகான்ஃபிக்' ஓடுகிறதா என்று பாருங்கள். எடிட்டரின் வண்ணத் திட்டத்தில் படம், சாயல் இல்லாத ஒரே நிறப் பின்னணி வையுங்கள். மாறும் பகுதி சிறியதாக இருந்தால் படமும் விரைவாக வந்துசேரும். விஎன்சி சர்வரையே மாதாமாதம் மறுதொடக்கம் செய்யும் நிறுவனம் என்றால், நீண்டநேரம் ஓடும் சிமுலேஷன் பதிவுகளைப் பார்க்கும் விம்மை மட்டும், மறுதொடக்கம் ஆகாத வேறொரு கணினியில் டிமக்ஸுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.